தோட்டாப் பை

கையில் வாங்கியதும் கௌசிகா பையை முகர்ந்துபார்த்தாள். சுடலைமணிக்கு அது பிடிக்கவில்லை. அவருடைய அப்பா சின்னமுத்துவின் படத்துக்குப் பக்கத்தில் அந்தப் பைக்கென்று தனி ஆணி உண்டு. வெள்ளிக்கிழமைகளில் படத்துக்கு வைக்கும் சந்தனப் பொட்டு அதற்கும் உண்டு. சாரல் காலத்தில் ஜன்னல் காற்றில் ஆடி, பித்தளைப் பக்கிள் சுவரில் தட்டிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில்தான் அவர் தூங்கிப் பழகியிருந்தார்.

"சணல் கலந்திருக்குதுங்க மாமா," என்றாள் கௌசிகா. "போர் முத்துனப்ப நம்ம நாட்டு மில்லுலயே நெய்யச் சொல்லிட்டாங்க. சீமையில இருந்து வந்ததா இருந்தா இத்தனை முரடா இருக்காதுங்க."

முதல் தடவையாக வந்த வீட்டில் எடுத்த எடுப்பிலேயே மாமா என்கிறாள். அந்தத் துணிச்சல் அவருக்குப் பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது.

கௌசிகா எருத்தேன்பதிக்காரி. போர்க்கால வார்களும் பைகளும் எந்தத் தறியில் நெய்யப்பட்டன என்று கோயம்புத்தூரில் ஆராய்ச்சி செய்கிறாள். சித்திரபுரம் மலையில் ஜீப் ஓட்டும் சுடலைமணியின் மகன் அஜய், தாத்தாவின் பையைப் படமெடுத்து இணையத்தில் ஒரு குழுவில் போட்டிருந்தான். அவள் தையலைக் கேட்டாள், அனுப்பினான். மடிப்பின் உட்புறம் கேட்டாள், அனுப்பினான். பிறகு கேட்காமலே மூடுபனியை அனுப்பினான். எந்தப் படத்தோடு பை முடிந்து அவர்கள் கதை தொடங்கியது என்று இருவருக்குமே தெரியாது. எருத்தேன்பதியில் அவளுடைய அப்பா கல்யாணத்துக்குச் சம்மதித்துவிட்டார். சுடலைமணியின் ஒரு சொல்தான் பாக்கி.

அவரோ பையை முன்னால் வைத்துவிட்டார். "படிச்ச புள்ளைன்னா, எங்கப்பா பர்மாவுல சுட்டவருன்னு கிளப்புல வந்து சொல்லட்டும். மத்தத அப்புறம் பேசிக்கிடலாம்," என்று அஜயிடம் சொல்லியிருந்தார். எஸ்டேட் கிளப்பில் நடக்கும் ஆகஸ்ட் பதினைந்து கொடியேற்றத்துக்கு அவர் அந்தப் பையை மாட்டிக்கொண்டு போவது வழக்கம். போன வருஷம் வெளியூரிலிருந்து வந்திருந்த பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "இதுல எத்தன தோட்டா புடிக்கும்?" என்று கேட்டுவிட்டார். அன்று சுடலைமணி சாப்பிடவில்லை.

கௌசிகாவுக்கு அது என்ன பை என்று இரண்டாவது படத்திலேயே தெரிந்துவிட்டது. இடுப்பு ஒடுங்கி இரண்டு பக்கமும் புடைத்த, அவரை விதை போன்ற வடிவம். அஜயிடமும் சொல்லிவிட்டாள். "பட்டாளத்துப் பைன்னு மட்டும் சொல்லி நிறுத்திரு," என்று ஜீப்பில் வரும்போதுகூட அவன் கெஞ்சினான். "வந்த அன்னிக்கே ஒரு பொய்ய வெச்சுட்டா, அதுக்கும் வெள்ளிக்கிழமை பொட்டு வெக்கோணும்," என்றாள் அவள். அவன் கியரை மாற்றினான்.

"மாமா, இது தோட்டாப் பை இல்லீங்க. பதுங்குகுழி தோண்டற கருவிக்கு உறைங்க."

"அப்ப எங்கப்பா பட்டாளத்துக்கே போகலங்கியா?"

"அப்படிச் சொல்லலீங்க. சிப்பாய்ங்க இதை உடம்போட கட்டிக்கிட்டுத்தான் நடந்தாங்க. ரோடு போடப் போன கூலியாளுங்க கைக்கும் வந்திருக்கலாம். தாத்தா சுட்டாரா இல்லையான்னு இந்தப் பைக்குத் தெரியாதுங்க."

சுடலைமணி பையைப் பார்க்காமல் தன் உள்ளங்கைகளைப் பார்த்தார். "எஸ்டேட்ல ஆயுசு பூரா மம்பட்டி புடிச்சேன் தாயி. எங்கப்பாவாச்சும் துப்பாக்கி புடிச்சாருங்கற நெனப்புலதான் புடிச்சேன். அவரும் அம்புட்டுத் தொலவு போயி மண்ணத்தான் வெட்டுனாரா?"

அஜய் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கௌசிகா திரும்பவில்லை. சொன்னதைத் திருப்பி வாங்கவும் தோன்றவில்லை.

"குழி தோண்டுனவங்கதாங்க மாமா ஊடு வந்து சேர்ந்தாங்க," என்றாள்.

 அவள் கைப்பேசியில் அந்தக் கருவியின் பழைய வரைபடத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். தேநீரோடு வந்த அஜயின் அம்மா வேலுத்தாய் அதை எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம சேம்பு தோண்டுற கொத்துல்லா?"

"சும்மா கெட," என்றார் சுடலைமணி.

தம்ளர்களை வைத்துவிட்டு அவள் கொல்லைக்குப் போனாள். திரும்பி வந்தபோது கையில் மண் அப்பிய கொத்து. ஒரு முனை தட்டை, மறுமுனை கூர்.

"எங்க மாமனாரு காலத்துல இருந்து கெடக்கு. கோழிக்கூட்டுக்குக் கால் நட்டதும் இதுதான், சேம்பு தோண்டுறதும் இதுதான். பைக்கு வாரந்தவறாமப் பொட்டு வச்சீகளே, இத ஒரு நாளாச்சும் கழுவி வச்சீகளா?"

அஜய் காம்பைத் தட்டிக் கழற்றினான். இரும்பைக் கௌசிகாவிடம் நீட்டினான். அவள் வாங்காமல் அவன் அப்பாவைக் காட்டினாள்.

சுடலைமணி நகத்தால் மண்ணைச் சுரண்டினார். இரும்பில் சின்னதாக ஓர் அம்புக்குறி. கௌசிகா பையின் மூடியைப் புரட்டிக் காட்டினாள். மங்கிய கறுப்பு மையில் அங்கேயும் அதே அம்புக்குறி, வெள்ளைக்காரப் பட்டாளச் சாமான்களில் அடிக்கும் முத்திரை. அவர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரும்பை மெல்ல உள்ளே இறக்கினார். கூர்முனை ஒரு புடைப்பிலும் தட்டை மறு புடைப்பிலும் போய் உட்கார்ந்தன. வாரை இழுத்தார். எத்தனையோ வருஷமாகத் தேய்ந்திருந்த அதே இடத்தில் பக்கிள் வந்து நின்றது.

"கிளப்புல என்னத்தச் சொல்லுவ?"

"இப்ப சொன்னதத்தானுங்க."

அவர் தேநீரை எடுத்து ஒரு வாய் குடித்தார். "எருத்தேன்பதியில என்ன வெவசாயம்?"

"தென்னைங்க. தக்காளியும் போடுவோம்."

"அப்ப ஒங்கப்பாவும் மம்பட்டிதான்."

"ஆமாங்க மாமா."

"நாளைக்கிச் சேம்ப எதக் கொண்டு தோண்ட?" என்று அடுக்களையிலிருந்து வேலுத்தாய் கேட்டாள்.  அஜய்க்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டான்.

சுடலைமணி எழுந்து பையை அதன் இடத்தில் மாட்டினார். ஆணி லேசாகத் தாழ்ந்தது. கையை எடுக்காமல் அடியில் தாங்கியபடியே நின்றார். உலர்ந்த மண் துகள்கள் அவர் விரலிடுக்கு வழியாகத் தரையில் உதிர்ந்தன. ஜன்னலில் சாரலோடு காற்று வந்தது. சின்னமுத்துவின் படம் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. பை ஆடவில்லை.