தீரு பட்டணத்துத் திருத்தம்

“நிறுத்தாத, எழுது. ‘இருவது வருசமா நான் சொன்னது தப்பு.’ முதல் வரி அதுதான்.”

இதைச் சொல்லி முடிக்க அப்பா பாவாடைக்கு மூன்று முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. சுடர்விழி எழுதினாள். பஞ்சாலையில் முப்பது வருடம் இழுத்த தூசி அப்பாவின் நெஞ்சில் உட்கார்ந்துவிட்டது. இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் கைவிரித்த பிறகு அரியாங்குப்பம் வீட்டுக்கே கூட்டி வந்திருந்தார்கள். அன்று சனிக்கிழமை காலை.

“நாளைக்குச் சபையில நானே படிக்கணும். நிலவன் வண்டியில கூட்டிட்டுப் போவான்.”

“சரிப்பா,” என்றாள். போக முடியாது என்பது இருவருக்குமே தெரியும்.

மில் மூடிய பிறகுதான் பாவாடை கிறிஸ்தவ விசுவாசத்துக்கு வந்தார். அதற்கு முன் சங்கக் கொடி பிடித்தவர். பிள்ளைகளுக்குச் சுடர்விழி, நிலவன் என்று பெயர் வைத்தது அந்தக் காலத்தில். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாத ஆள். ஞாயிறுதோறும் ஆராதனை முடிந்ததும், அட்டையில் தானே வரைந்த படத்தை மாட்டி, தீர்க்கதரிசனங்கள் எப்படி நிறைவேறின என்று வகுப்பு எடுப்பார். பாபிலோன் வரும், நினிவே வரும். ஆனால் ஜனங்கள் கேட்டு வாங்குவது தீரு பட்டணத்தைத்தான். கடலுக்குள் தீவில் இருந்த பணக்காரத் துறைமுகம். அது வெறும் பாறையாகும், அங்கே வலை காயப்போடுவார்கள் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசி சொல்லியிருந்தார். “பாபிலோன் ராசா நேபுகாத்நேச்சார் வந்தான், இடிச்சான், முடிஞ்சுது. இன்னிக்கு அங்க ஒரு குடிசை கெடையாது!” என்று பாவாடை மேசையைத் தட்டினால் தகரக் கூரை அதிரும்.

சுடர்விழி அரசுப் பள்ளியில் வரலாறு எடுப்பவள்; சபைப் பக்கம் போகாதவள். இரண்டு மாதத்துக்கு முன் அப்பா தன் அட்டைப் படத்தில் எழுத, தீரு அழிந்த வருடம் கேட்டபோது அவளால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

“பதிமூணு வருசம் முற்றுகை போட்டும் நேபுகாத்நேச்சாரால தீவப் புடிக்க முடியலப்பா. எரநூத்தி நாப்பது வருசம் கழிச்சு அலெக்சாந்தர்தான் கரையில இருந்த பழைய ஊரோட கல்லையும் மண்ணையும் கடல்ல கொட்டி, பாதை போட்டு உள்ள போனான். அதுக்கப்புறமும் ஊரு அழிஞ்சிடல. இன்னிக்கும் ஜனங்க இருக்காங்க.”

செல்போனில் படம் காட்டினாள். மாடி வீடுகள், கொடியில் காயும் துணி, ஸ்கூட்டரில் போகும் ஒரு பெண். வெகுநேரம் பார்த்தார். நாலு நாள் அவளிடம் பேசவில்லை. “மூச்சுக்கே சிரமப்படுறவருகிட்ட எதுக்குடி இதெல்லாம்?” என்று அம்மா கமலா கடிந்துகொண்டாள்.

ஐந்தாம் நாள் அவரே கூப்பிட்டார். எசேக்கியேலில் தீரு பற்றிய இருபத்தாறாம் அதிகாரத்திலிருந்து மூன்று அதிகாரம் தள்ளி ஓர் இடத்தில் விரலை வைத்திருந்தார்.

“இதப் பாரு. அந்த ஊருக்காகத் தோள் தோலு உரியறவரைக்கும் பாடுபட்டும், ராசாவுக்கும் சேனைக்கும் ஒண்ணும் கெடைக்கலன்னு இவரே சொல்லியிருக்காரு. நீ சொன்னது உள்ளயே இருக்கு, சுடரு. அவரு மறைக்கல. நான்தான் படிக்காம விட்டுட்டேன்.”

“அப்ப உன் நம்பிக்கை?”

“தான் சொன்னதுக்கு மாறா நடந்ததையும் சேத்து எழுதி வெச்சவரு பொய்க்காரரா இருப்பாரா? இப்பதான் கெட்டியாச்சு.”

பஞ்சுப் பொதி சுமந்து காய்ச்சுப்போன தோளை அவர் தடவிக்கொண்டதை அவள் பார்த்தாள். வாதாட அவளிடம் இன்னும் விஷயம் இருந்தது. இருந்தாலும் புத்தகத்தை வாங்கி அந்த வரியைத் தானும் படித்தாள்.

பார்க்க வந்த பாஸ்டர் கோபிநாத்துக்கு, இதைச் சபையில் திருத்திச் சொல்வது உவப்பாக இல்லை. “விட்டுடுங்கண்ணே. ஜனங்க கொழம்பிடுவாங்க.”

“கொழம்பட்டும் பாஸ்டர். நான் கொழம்பித்தான தெளிஞ்சேன்?”

அந்தச் சனிக்கிழமை ஆறு வரி எழுதி முடித்தார்கள். கடைசி வரியை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார். கேட்டு, “போதும்” என்று கண்ணை மூடினார். கமலா கஞ்சியை ஆற்றி எடுத்து வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டிருந்தது.

மறுநாள் காலை, சபையில் வாசல்வரை ஜனம். பெட்டி முன்னால் இருந்தது. பாஸ்டர் உருக்கமாகத்தான் பேசினார். பேச்சின் வேகத்தில் பாவாடையின் குரலையே எடுத்துக்கொண்டார். “நம்ம அண்ணன் கேப்பாரே! தீரு பட்டணத்துல ஒரு குடிசை உண்டா?”

“இல்லை!” என்றது கூட்டம், பழக்கத்தில்.

சுடர்விழி கையிலிருந்த காகிதத்தைப் பிரித்தாள். “இப்ப வேணாக்கா,” என்று தம்பி நிலவன் முணுமுணுத்தான். கமலா பெட்டியிலிருந்து பார்வையை எடுக்காமலே சொன்னாள்: “அவரு பேச வேண்டிய நாளு இது. போய்ப் படி.”

சுடர்விழி எழுந்து போனாள். வகுப்பறைக் குரலில், தடுமாறாமல் படித்தாள். இருபது வருடத் தப்பு, பதிமூன்று வருட முற்றுகை, கடலில் போட்ட பாதை, இன்றும் அங்கே அடுப்பெரிகிற வீடுகள். கடைசி வரியை மட்டும் பெட்டியைப் பார்த்துச் சொன்னாள். “‘திருத்தினது என் பொண்ணு. சந்தேகம் இருந்தா அவளையே கேளுங்க.’”

பெரிய மார்க்கெட்டில் மீன் விற்கும் தனக்கொடி முன்வரிசைப் பாயிலிருந்து கேட்டாள்: “டீச்சரு, அங்க வலை காயப்போடுறாங்களா?”

“போடுறாங்கக்கா. மீன்புடிக்கிற ஊருதான்.”

“அப்பச் சரி,” என்றாள் தனக்கொடி, முந்தானையால் மூக்கைச் சிந்தியபடி.

யாரோ சிரித்துவிட்டார்கள். பாஸ்டர் வேதாகமத்தைப் புரட்டி, “எசேக்கியேல் இருவத்தொம்போதாம் அதிகாரத்த எடுங்க,” என்றார். சபை முழுக்கப் பக்கங்கள் புரளும் சத்தம் எழுந்தது.

கல்லறை சுண்ணாம்பாற்றுக்கு அந்தப் பக்கம். மண் தள்ளிவிட்டு வேனில் திரும்பும்போது நோணாங்குப்பம் பாலத்தில் வண்டிகள் நெருக்கியடித்து நின்றன. கீழே, படகுத்துறையிலிருந்து கிளம்பிய படகில் ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிய சுற்றுலாக்காரர்கள் பாலத்தைப் பார்த்துக் கைகாட்டினார்கள். கமலா மடியில் ஒட்டியிருந்த ரோஜா இதழ்களைத் தட்டிவிட்டாள். ஜன்னல் வழியே கையை நீட்டி, படகு வளைவில் திரும்பும்வரை அசைத்துக்கொண்டே இருந்தாள்.