சீட்டைக் கிழித்தவன்

தங்கை இறந்த நாலாம் மாதமே அவள் புருஷன் மறுகல்யாணம் செய்துகொண்டான். கார் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறவன்.

ஏழு வருஷத்துக்கு முன் தங்கைக்குப் பிறப்புறுப்பில் மருக்கள் வந்தன. டாக்டர் மருந்து கொடுத்து, கருப்பைவாய்ப் பரிசோதனைக்கும் சீட்டு எழுதினார். "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே? இதுல ஊரெல்லாம் காட்டிட்டு வேற வரணுமா?" என்று அவன் சீட்டைக் கிழித்தான். மருக்கள் மறைந்தன. தங்கையும் வாயை மூடிக்கொண்டாள். புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. அப்போதுதான் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அக்கா ஆலையில் சட்டைக் காலர் தைப்பவள். அவனை நாறடிக்க வேண்டும் என்றுதான் ஆஸ்பத்திரி நர்ஸிடம் போனாள்.

"அவன் குடுத்த மருதானே அவளைக் கொன்னுச்சு?"

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. எச்.பி.வி. கிருமியில நிறைய வகை. மரு வர வைக்கிறது வேற, புற்றுநோய் வர வைக்கிறது வேற. யார்கிட்டருந்து வந்துச்சுன்னும் கண்டுபிடிக்க முடியாது. பெரும்பாலும் தானாப் போயிடும். போகாமத் தங்கினாத்தான் ஆபத்து. பரிசோதனை பண்ணியிருந்தா முன்னாடியே பிடிச்சிருக்கலாம்."

பிடிச்சிருக்கலாம். அக்காவுக்கு அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது.

மறுநாள் காலை பயிற்சிப் பள்ளிக்குப் போனாள். பெஞ்சில் எட்டுப் பேர். வரவேற்பு மேசையில் அவன் புது மனைவி.

"உள்ள வந்து பேசுங்க அண்ணி," என்றான்.

"உள்ளயே பேசிப் பேசித்தான் மாப்பிள்ளை அவ செத்தா."

மரு, சீட்டு, கிழிப்பு, எல்லாவற்றையும் எட்டுப் பேர் காதிலும் விழும்படி சொன்னாள். அவன் முகம் வெளிறுவதை ஆசை தீரப் பார்த்தாள். பிறகு ஒரு படிவத்தை நீட்டினாள். தங்கையின் பன்னிரண்டு வயது மகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட அப்பாவின் சம்மதம். 'அதெல்லாம் போட்டா பொண்ணு கெட்டுப்போயிடும்' என்று பள்ளிக்கூடத்துக்கு அவன் திருப்பி அனுப்பிய அதே படிவம்.

"கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா தினமும் வருவேன். எனக்கு மத்தியான ஷிப்டுதான்."

போட்டான்.

புது மனைவி எழுந்தாள். "அக்கா, நானும் அந்தப் பரிசோதனை பண்ணிக்கணுமா? நல்லாத்தானே இருக்கேன்?"

"நல்லா இருக்கறப்பவே பண்ணணும்மா. வா."

"வேலை நேரத்துல எங்க போறே?" என்றான் அவன். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆறு மாதம் கழித்து இரண்டாவது ஊசி. அதற்குக் கையெழுத்து வேண்டாம் என்று நர்ஸ் சொன்னாள். இருந்தும் அக்கா அவனிடம் போய்க் கையெழுத்து வாங்கிவந்தாள், பயிற்சி வகுப்பு நிறைந்திருக்கும் நேரமாகப் பார்த்து.