கணக்கு வாத்தியாரின் வயிற்று மழை

கணக்கு வாத்தியார் நரசிம்மமூர்த்தியின் வயிறு இரைந்தால் மைசூரில் மழை பெய்தது. அவர் குடியிருந்த மண்டி மொஹல்லாப் பேட்டைக்காரர்கள் அந்தச் சத்தம் கேட்டதும் மிளகாய் வற்றலை உள்ளே அள்ளிவிட்டுத்தான் வானத்தைப் பார்ப்பார்கள். பாவம், அவருக்கு வானம் பார்க்க ஏது நேரம், செம்பும் கையுமாகக் கொல்லைக்கு ஓடிக்கொண்டிருப்பார். வருஷக்கணக்கான பேதி. ஏரிகள் நிறைய நிறைய அவர் வற்றிக்கொண்டே வந்தார்.

நாள்பட்ட பேதியை ஆராய்வதற்கென்றே டாக்டர் காளிதாஸ் ஒரு வார்டு வைத்திருந்தார்; வாத்தியாரை அதில் சேர்த்தார்கள். மைக்ராஸ்கோப்பில் கிருமி அகப்படாதவர்களுக்கு வாரம் ஒரு ஆகாரத்தை நிறுத்திப் பார்ப்பது அவர் முறை. வாத்தியாருக்குத் துவரம்பருப்பு போயிற்று, கோதுமை போயிற்று, பாலும் தயிரும் போயின. பேதி மட்டும் போகவில்லை. நஞ்சன்கூட்டுக் குடியானவர்கள் வாழைத்தாரோடு வந்து விசாரித்து, இன்னும் குணமாகவில்லை என்று தெரிந்துகொண்டு நிம்மதியாக ரயிலேறினார்கள்.

இந்த ஆனியைத் தாண்டமாட்டார் என்று டாக்டர் சொன்னபோது மனைவி சத்யபாமா உடைந்து அழுதாள். "பெருமாள் கண்டருளின பாலைக்கூட தினம் தவறாம கொண்டுவந்து கொடுத்திண்டிருக்கேனே!"

டாக்டர் எழுந்தே விட்டார். "பாலா? என்ன சாப்பிடறார்னு தினமும் கேட்டேனேம்மா!"

"சாப்பாட்டைத்தானே கேட்டேள்? பிரசாதத்தைப் போய் சாப்பாட்டிலே சேர்ப்பாளோ?"

அன்றிலிருந்து பிரசாதம் துளசியும் தீர்த்தமும் ஆயிற்று. வயிறு அடங்கியது, கன்னத்தில் சதை பிடித்தது. டாக்டர் விரிவாகக் கட்டுரை எழுதினார். மழையைப் பற்றி எழுதவில்லை, ஆராய்ச்சி அதைப் பற்றியதல்ல.

மறு வருஷம் ஆடி பிறந்தும் ஒரு பொட்டுத் தூறல் இல்லை. குடியானவர் லிங்கப்பன் வெறுங்கையோடு வந்து நின்றார். "கேக்கவே கூச்சமா இருக்குதுங்க, வாத்தியாரே. நாத்தெல்லாம் கருகுதுங்க."

"இப்பத்தான் பிழைச்சு வந்திருக்கார்!" என்று சத்யபாமா கதவைச் சாத்தினாள். வாத்தியார் அதைத் திறந்தார். "தினமும் குடிச்சாத்தான் ஆபத்து. வருஷத்துக்கு ஒரு டம்ளர் தாங்கும், பாமா."

அதன்பின் ஒவ்வொரு ஆடியிலும் அவளே பாலைக் காய்ச்சி, ஊரையெல்லாம் திட்டியபடி அவர் கையில் கொடுப்பாள். அவர் குடித்து முடிப்பதற்குள் செம்பில் தண்ணீர் நிரப்பிக் கொல்லை வாசலில் வைத்துவிட்டு, மிளகாய் வற்றலை எடுக்கப் போவாள்.