மூடி முகர்பவரின் மூக்கு

பால் பண்ணையில் அவருக்கு 'மூக்கு' என்றே பெயர். லாரியில் வந்து இறங்கும் கேன்களின் மூடியைத் திறந்து முகர்ந்து, நல்லது, புளித்தது என்று பிரிப்பதுதான் பத்தொன்பது வருட உத்தியோகம். மாடு முந்தாநாள் எதை மேய்ந்தது, கறந்தவளுக்கு மாமியாரோடு சண்டையா, எல்லாம் அந்த மூடியிலிருந்தே சொல்லிவிடுவார் என்று லாரிக்காரர்கள் சத்தியம் செய்வார்கள்.

அந்த மூக்கு செத்து எட்டு மாதம். வீட்டுக்காரிக்கும் டாக்டரம்மாவுக்கும் மட்டுமே தெரியும்.

"சளி பிடிச்ச கிருமி எப்பவோ போயிடுச்சுங்க," என்றார் டாக்டரம்மா, ஸ்கேனைக் காட்டி. "உடம்போட காவல் அணுக்கள் ரசாயனத்தாலயே சேதி அனுப்பி ஒண்ணையொண்ணு கூப்பிடும். உங்களுக்கு அந்தச் சேதி நிக்கவே இல்ல. வந்து வந்து கூடி, மூக்குக்குள்ள வீங்கி, திராட்சைக் கொத்தாட்டம் சதை தொங்குது."

"எதிரியே இல்லாம அடிதடியா?"

"அதேதான். அந்தச் சேதியை மறிக்கிற ஊசி இருக்கு. விலை ஜாஸ்தி, காப்பீடுதான் கட்டணும். அதுக்கு வாசனை தெரியலன்னு பண்ணைக் காப்பீட்டுல எழுதிக் கொடுக்கணும்."

எழுதினால் வேலைக்கு வேட்டு. ஊசி வேண்டாமென்று எழுந்து வந்துவிட்டார்.

மூடிக்குப் பதிலாக டிரைவர்களின் முகத்தை முகர ஆரம்பித்தார். கண்ணைப் பார்த்துச் சிரிப்பவன் பால் நேராகத் தொட்டிக்கு. தலை குனிபவன் பால் ஆய்வகத்துக்கு.

இன்று ஒருவன் தரையைப் பார்த்தபடி இறங்கினான். நாற்பது கேனையும் ஒதுக்கினார்.

"அண்ணே, பல்வலியில உசுரு போகுது, நீங்க வேற! நல்லா மோந்து பாருங்கண்ணே!"

ஆய்வகப் பெண் சோதித்துவிட்டு வந்தாள். "பால் அருமையா இருக்குண்ணே. உங்க மூக்குக்கு இன்னிக்கு லீவா?"

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்ததும் முதல் லாரியில் வந்தவன் முதுகில் தட்டி, ஜோக் அடித்துவிட்டுப் போனானே! அவன் பால் மூன்றாம் தொட்டியில் பத்தாயிரம் லிட்டரோடு கலந்து கிடக்கிறது. அவன் கேன் ஒன்று கழுவும் மேடையில் இருந்தது. மூடியை எடுத்து மூக்கில் வைத்து அழுத்தினார். சுவரை முகர்ந்ததுபோல் இருந்தது.

"நீ மோந்து பாரும்மா."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அய்யே! இதையா விட்டீங்க?"

அந்தப் பக்கம் மூன்றாம் தொட்டியின் பாக்கெட் இயந்திரம் உறுமத் தொடங்கியது. எத்தனை பிள்ளைகளின் டம்ளர்! ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

மேற்பார்வையாளர் பாய்ந்து வந்தார். "என்னய்யா மூக்கு, என்ன வாடை வந்துச்சு?"

"வரல சார். எட்டு மாசமா எதுவுமே வரல."