காது மடியாத சிவப்புக் கோட்டு

1

இந்தக் கதை எனக்கு ஒரு சண்டையில் கிடைத்தது. சண்டை என் மனைவிக்கும் அவள் அக்காவுக்கும். நான் வழக்கம்போல நடுவில் மாட்டிக்கொண்டவன்.

சின்ன வயதில் இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு காகிதப் பொம்மை வாங்கித் தந்தார்கள். அட்டையில் ஒரு பெண், அவளுக்கு மாட்டிவிட ஒரு சிவப்புக் கோட்டு. "எனக்குத்தான்" என்று மல்லுக்கட்டியதில் பொம்மை அக்காவிடம் போனது, கோட்டு தங்கையிடம். அன்றிலிருந்து அக்கா பழைய பொம்மைகளை மட்டும் சேர்க்கிறார். என் மனைவி அவற்றின் காகித உடுப்புகளை மட்டும்.

2

மழை பெய்த ஒரு மாலையில், நூலக மாடியில்...

(மழையெல்லாம் பெய்யவில்லை. அடித்துவிடுகிறேன்.)

நல்ல வெயில். நூலக மாடியில் இருவரும் சேர்ந்து வைத்த முதல் கண்காட்சி. ஒரு சுவர் முழுக்க உள்பாவாடையோடு நிற்கும் பொம்மைகள். எதிர்ச்சுவர் முழுக்க ஆளில்லாத உடுப்புகள். பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்கா பல் டாக்டர். யார் நம்புவார்கள் என்று அவரைத் தையல்காரியாக மாற்றி எழுதிப் பார்த்தேன். ("படிச்சது நான், பட்டத்தைப் பறிக்க நீங்க யாரு தம்பி?" என்றார். மறுபடி டாக்டர்.)

3

அக்கா அந்த முதல் பொம்மையைச் சட்டத்திலிருந்து எடுத்து வந்தார்.

"ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்டி. பாவம், இவ இன்னும் உள்பாவாடையோடவே நிக்கிறா."

"காது* பிஞ்சுடும்க்கா."

அதுவும் உண்மைதான். இத்தனை வருடம் மடிக்காத தாள், அப்பளமாகக் காய்ந்திருக்கிறது. மடிக்காத காதுக்குத்தான் சேகரிப்பவர்களிடம் மதிப்பும்.

"சரி, நீயே மடி."

"நீ மடி. பிஞ்சா ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவே."

"நீ மட்டும் சும்மா இருப்பியாக்கும்!"

பல் பிடுங்கத் தயங்காத அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

* கோட்டு தோளில் நிற்பதற்காகப் பின்னால் மடித்துவிடும் தாள் நுனி. எங்கள் வீட்டில் அதற்குக் காது என்று பெயர்.

4

முடிவு ஒன்று: காது பிய்கிறது, இருவரும் அழுகிறார்கள். (எனக்குப் பிடிக்கவில்லை. மனைவிக்கு அறவே பிடிக்கவில்லை.)

முடிவு இரண்டு: கோட்டு கச்சிதமாக நிற்க, எல்லோரும் கைதட்டி... (எழுதும்போதே கூச்சமாக இருக்கிறது.)

நடந்தது இவ்வளவுதான். அக்கா பொம்மையை மேசையில் கிடத்தினார். என் மனைவி கோட்டை அதன்மேல் வைத்தாள். தோளுக்குத் தோள் சரியாக உட்கார்ந்தது. "பிஞ்சா பிய்யட்டும்" என்று இருவரும் ஒரே நேரத்தில் சொன்னார்கள். சொல்லிவிட்டு, சின்னப் பிள்ளைகள் மாதிரி சிரித்தார்கள். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"நீங்க மடிங்க தம்பி."

நானா? எழுதுகிறவன் தலையில் எல்லாவற்றையும் கட்டினால் எப்படி? வாசகரே, கையைத் துடைத்துக்கொண்டு வாருங்கள். இடது தோளிலிருந்து தொடங்குங்கள். மெதுவாக. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறோம்.