கயிற்றையா, படகையா?

1

இந்தக் கதை எனக்குக் கோவளம் பஸ்ஸில் கிடைத்தது. சொன்னவன் துரை, மாமல்லபுரத்தில் ஓர் ஓட்டலின் மோட்டார் படகை ஓட்டுகிறவன். படகுக்குப் பின்னால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, காலில் பலகை மாட்டி, கடல்மேல் சறுக்கி விருந்தாளிகளுக்கு வேடிக்கை காட்டுவான் அவன் கூட்டாளி சடையன். எழுபத்தைந்தாம் வருஷத்தில் அது புதுசு.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "நீலக் கடலின் மார்பில் வெள்ளிக் கோடு கிழித்தபடி..." அடித்துவிட்டேன்.

நான் வியாபாரி வீட்டுப் பிள்ளை. முதலில் சொல்வது எப்போதும் ஏற்றிய விலைதான். நீங்கள் அடித்துப் பேசுமுன் நானே இறங்கிவிடுகிறேன்.

2

சடையன் விழுந்தான். பிடியை விட்டிருந்தால் முங்கி எழுந்திருப்பான். ஆனால் அது சதுரங்கப்பட்டினத்தில் கரைவலை இழுத்த கை. வழுக்காமலிருக்கக் கயிற்றை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொள்ளும். இங்கேயும் சுற்றியிருந்தது.

ஓட்டுகிறவன் முன்னால் பார்க்க வேண்டும். விழுகிறவனைப் பார்க்க இன்னோர் ஆள் வேண்டும். அப்படிப் பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தவள் சடையனின் மனைவி வச்சலா. கயிற்றைத்தான் சொன்னாள், புருஷனுக்கு: "வுடு, வுடு!"

துரை வேகத்தைக் கூட்டினான்.

"நான் இன்னா கண்டேன் அண்ணாத்த? வண்டில குந்திகினு வுடுன்னா வண்டிய வுடறதுதான?"

(மணிக்கட்டு முறிந்தது, தோள் கழன்றது. மேலும் எழுதி அடித்துவிட்டேன். வலியை விவரித்துக் கதைக்குக் கனம் சேர்ப்பது தராசில் கட்டைவிரல் வைக்கிற வேலை.)

3

கதையில் வச்சலாவை அழவைத்துப் பார்த்தேன். பொருந்தவில்லை. துரை சொன்ன ஒன்றால்தான் அவளை நான் நம்பினேன்: அன்றிலிருந்து அவள் அந்தச் சொல்லை வாயில் எடுப்பதில்லை. கோழியை வெளியே வுடு என்பதற்குப் பதில் "கோழிக்குக் கதவத் தொற" என்பாளாம்.

படகிலும் ஏறமாட்டேன் என்றாள். மாவுக்கட்டு பிரித்த சடையனோ, அவள் இல்லாமல் தண்ணீரில் இறங்கமாட்டேன் என்றான். வேறு யாரையாவது உட்காரவைக்கலாமே என்று துரை கேட்டுப் பார்த்தான்.

"மத்தவன் கடலப் பாப்பான். இவதான் என்னியப் பாப்பா."

4

ஆகவே மணலில் ஒத்திகை. வாய்ப்பேச்சு இல்லை. அவள் கை தலைக்குமேல் போனால் சடையன் பிடியை விட வேண்டும். துரையின் தோளில் தட்டினால் அவன் படகை நிறுத்த வேண்டும். கயிற்றை எங்கும் சுற்றக்கூடாது, விரல்பிடி மட்டும்.

துரை கயிற்றை இழுத்ததும் சடையனின் மணிக்கட்டு தானாகச் சுற்றப் போனது. வச்சலா அதில் ஒன்று போட்டாள்.

"யோவ், வலையா இழுக்கற? இங்க நீதான் மீனு."

"அத்த வாயாலதான் சொல்லேன்மே."

"கை சொல்லும். பாரு."

கை மேலே போனது. சடையன் விட்டுவிட்டு மணலில் மல்லாந்து விழுந்தான். எழுந்திருக்காமல் சிரித்தான். அவளும் சிரித்தாள், ஆனால் அவன் தோள் அசைகிறதா என்று பார்த்துக்கொண்டே.

5

துரை முடிப்பதற்குள் என் நிறுத்தம் வந்துவிட்டது. அவள் ஏறினாள் என்று ஒரு முடிவு எழுதினேன். ஏறவில்லை என்று இன்னொன்று. இரண்டையும் உங்களிடம் தள்ளிவிட மனமில்லை.

இப்போது சடையன் தண்ணீரில் காத்திருக்கிறான். வச்சலா முழங்கால் ஆழத்தில், படகின் விளிம்பில் கைவைத்து நிற்கிறாள். பின்பக்கம் பார்க்கும் இடம் காலி. அவள் ஏறும்வரை அங்கே நீங்கள் உட்காருங்கள். முன்னால் பார்த்து ஓட்டுகிறவன் நான். அவன் விழுவது எனக்குத் தெரியாது. கண்ணை எடுக்காதீர்கள். வாயால் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

என் தோளில் தட்டுங்கள். நிறுத்திவிடுகிறேன்.