கழலாத செயின்

டேனியல் ஒரு தாளில் ஆறு சைக்கிள் பாகங்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தான். முன் பல்சக்கரம், பின் சக்கரத்துப் பல்லடுக்கான காசெட், செயின், செயின் கைடு, செயினைக் கியர் விட்டுக் கியர் நகர்த்தும் டீரெய்லர், ஹேண்டில்பாரில் கியர் மாற்றும் ஷிஃப்டர். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்த மாடல் என்பதும் எழுதியாகிவிட்டது. சென்னை டீலரிடம் ஐந்து மணிக்குள் சொன்னால் வியாழக்கிழமை பார்சல் வந்துவிடும். வண்டி ரேவதிக்கு; பக்கத்தில் நிற்கும் அவள் ஒருமுறை பார்த்துச் சரி என்றால் போதும்.

பிள்ளையார்பாளையத்தில் டேனியலின் பத்தடி அகலச் சைக்கிள் கடை அது. முன்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்களுக்குப் பஞ்சர் ஒட்டுவான். பின்னால், சுவரோரம், மலை சைக்கிள்கள் தொங்கும். அங்கே ஸ்டாண்டில் ரேவதியின் ஃபிரேம் மாட்டியிருந்தது. சாம்பல் நிறம், அலுமினியம். பெங்களூருக்கு மாற்றலாகிப் போன ஒருவர் விற்றது. சக்கரங்களுக்கு இன்னும் கம்பி பின்னவில்லை. எந்த காசெட் என்று முடிவானால்தான் சக்கரத்தின் நடுவில் எந்த ஹப் என்று முடிவாகும். ஹப் முடிவானால்தான் சக்கரம்.

ஜனவரியில் ஜவ்வாது மலையில் ரேவதி ஓட்டும் சைக்கிள் பந்தயம். இன்னும் ஆறு வாரம் இருந்தது.

வாசல் பெஞ்சில் ராஜவேலு உட்கார்ந்திருந்தார். பத்துத் தறி வைத்திருப்பவர். சர்க்கரைக்காக டாக்டர் சைக்கிள் மிதிக்கச் சொல்லி, மிதித்து, பஞ்சராகி வந்திருந்தார். ஒட்டி முடித்து அரை மணி நேரம் ஆகிவிட்டது. அவர் போகிற வழியாகத் தெரியவில்லை. எதிர்க்கடையில் டீ சொன்னார். ரேவதிக்கும் சேர்த்து.

ரேவதி அவருக்குப் பாவு பிணைத்துக் கொடுப்பவள். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; அது தீரும்போது பழைய இழை ஒவ்வொன்றின் நுனியோடும் புது இழையின் நுனியைச் சேர்க்க வேண்டும். ஐயாயிரத்துச் சொச்சம் இழை. முடிச்சுப் போட முடியாது. இழைகள் புகுந்து போகும் அச்சுக்குள் முடிச்சு நுழையாது. சாம்பலைத் தொட்டுக்கொண்டு கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் உருட்டி முறுக்க வேண்டும். முறுக்கு நிற்க வேண்டும். ரேவதியின் முறுக்கு நிற்கும் என்று பெயர். பதினொரு வருஷமாக அந்தப் பெயர்தான் அவளுக்கு வேலை கொடுத்தது.

ஒரு வருஷமாகக் கட்டைவிரலின் அடிமூட்டு வலித்தது. உள்ளூரில் காட்டினால் தெருவுக்கே தெரியும் என்று செங்கல்பட்டுக்குப் போய்க் காட்டினாள். மூட்டு தேய்ந்திருக்கிறது என்றார்கள். ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். அவள் கொடுக்கவில்லை.

போன ஜனவரியில் ஜவ்வாது மலையில், இரண்டாவது சுற்றின் ஏற்றத்தில், கியரை இறக்க வலது கட்டைவிரலால் ஷிஃப்டரின் லீவரை அழுத்தினாள். விரல் போகவில்லை. மறுபடி அழுத்தினாள். கனமான கியரிலேயே நாற்பது மிதி மிதித்துவிட்டு இறங்கித் தள்ளினாள். மூன்று பேர் தாண்டிப் போனார்கள். நான்காவதாக வந்தாள். மேலே காத்திருந்த டேனியலிடம் செயின் கழன்றுவிட்டது என்று சொன்னாள். வாயில் வந்த பொய் அதுதான்.

டேனியல் அதை நம்பினான். நம்பியது மட்டுமில்லை, மனசில் வைத்துக்கொண்டான். வண்டியை ரெடி செய்து அனுப்பியவன் அவன். பழைய செயினைக் கழற்றி அளந்தான். பல்சக்கரத்தின் பற்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தான். எங்கேயும் பழுதில்லை. பழுதில்லாதது அவனை மேலும் படுத்தியது. அதனால் புது வண்டியில் செயின் கழல வழியே இருக்கக்கூடாது என்று தீர்மானித்தான். முன்னால் ஒரே பல்சக்கரம், ஒரு பல் அகலம், அடுத்த பல் ஒடுக்கம், செயின் கவ்விக்கொள்ளும்படி. அதற்கு மேலே, செயின் விலகாமல் பிடிக்க ஒரு செயின் கைடு. பின்னால் செயினை ஆடாமல் இறுக்கும் கிளட்ச் வைத்த டீரெய்லர், அதுவும் இருப்பதிலேயே இறுக்கமானது. காசெட்டில் பன்னிரண்டு கியர்.

முன் பல்சக்கரத்துக்கு எத்தனை பல் என்பதில் மட்டும் ஒரு மாதம் போனது. காஞ்சிபுரத்தில் மேடு என்றால் ரயில்வே மேம்பாலம்தான். அதனால் பழைய வண்டியை ஓரிக்கையில் பாலாற்று மணலில் இறக்கி ஓட்டச் சொன்னான். ஈர மணலில் முப்பத்திரண்டு பல், காய்ந்த மணலில் முப்பது என்று வந்தது. மலை ஈர மணலா, காய்ந்த மணலா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை. கடைசியில் முப்பது என்று எழுதினான்.

“வாங்கறதுக்கு முன்ன ஒரு தபா அழுத்திப் பாத்துடு” என்றான்.

சென்னையிலிருந்து சர்வீஸுக்கு வந்த ஒரு வண்டியில் அதே டீரெய்லரும் அதே ஷிஃப்டரும் இருந்தன. அதை ஸ்டாண்டில் ஏற்றிவைத்து, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டு, பின் சக்கரத்தருகே குனிந்து செயினைப் பார்த்தான். ரேவதி ஹேண்டில்பாரைப் பிடித்தாள். லீவரை அழுத்தினாள். செயின் ஒரு பல்சக்கரம் மேலே ஏறியது. இன்னொன்று. மூன்றாவதற்கு விரல் நின்றுவிட்டது. காலையில் பாதிப் பாவு பிணைத்துவிட்டு வந்த விரல். உள்ளங்கையின் அடிப்பாகத்தால் இடித்துத் தள்ளினாள். ஏறியது.

“வெண்ணெ மாதிரி போகுது பாரு” என்றான் டேனியல், தலையைத் தூக்காமலே.

டீரெய்லரில் இருக்கும் அந்தச் சின்ன ஸ்விட்ச் எதற்கு என்று கேட்டாள். கிளட்சை அணைப்பதற்கு என்றான். அணைத்துக் காட்டினான். அவள் அழுத்தினாள். லீவர் லேசாகப் போனது. இப்படியே ஓட்டலாமா என்று கேட்டாள். டேனியல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். கிளட்ச் இறுக்கத்தால்தான் லீவர் கனம், அது தெரிந்த விஷயம், ஆனால் அதை அணைத்துவிட்டால் செயின் ஆடும், செயின் ஆடினால் கழலும், கழலாமல் இருக்கத்தானே இவ்வளவும் என்று பொறுமையாகச் சொன்னான்.

அவள் சரி என்றாள்.

ராஜவேலு எழுந்து போனால் சொல்லலாம் என்று ரேவதிக்கு இருந்தது. அவர் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு, இந்த வண்டிக்குக் கேரியர் கிடையாதா, பின்னே எதற்கு வண்டி என்று டேனியலிடம் கேட்டார். அந்தக் கேள்விக்கு டேனியல் வருஷத்துக்கு நூறு தரம் பதில் சொல்கிறவன். சிரித்துவிட்டு போனை எடுத்தான். டீலர் எடுத்ததும் ஸ்பீக்கரில் போட்டு, தாளைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தான். பல்சக்கரம் முப்பது. காசெட். செயின்.

“அண்ணா, போன வையுங்க” என்றாள் ரேவதி.

“இன்னாமா?”

“செயின் கழல்ல.”

“எந்தச் செயினு?”

“போன ஜனவரியில, மலையில. கழலவே இல்ல. கட்டவெரலு லீவர அழுத்தல. எறங்கித் தள்ளினேன். உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன்.”

டேனியல் டீலரிடம் அப்புறம் கூப்பிடுவதாகச் சொல்லி வைத்தான்.

“அப்ப பத்து மாசமா நான் இன்னாத்த அளந்துக்கினு இருந்தேன்?” என்றான்.

பெஞ்சில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது.

“எந்தக் கைமா?” என்றார் ராஜவேலு.

“வலது, மொதலாளி.”

“எவ்ளோ நாளா?”

ஒரு வருஷம் இருக்கும் என்றாள். அவர் மனதுக்குள் எதையோ எண்ணினார். பிறகு சொன்னார். கடைசி மூன்று பாவில் நெய்யும்போது இழை பிரிந்து பிரிந்து வந்தது. ஒரு நாளைக்கு இருபது, முப்பது. ரேவதி பிணைத்தது பிரியாது என்று அவருக்குத் தெரியும். ஆகவே பட்டில் கோளாறு என்று முடிவு கட்டினார். பட்டு கொடுக்கிற மயில்வாகனத்தின் கடைக்குப் போய், வாடிக்கைக்காரர்கள் நடுவில் நின்று கத்தினார். போன வாரம் சரக்கு முழுவதையும் திருப்பி அனுப்பினார்.

அந்த மூட்டை ஆட்டோவில் ஏறியபோது ரேவதி தறிக்கொட்டகை வாசலில்தான் நின்றிருந்தாள். அப்போதும் வாயைத் திறக்கவில்லை.

“முப்பது வருஷப் பழக்கம்மா அந்தாளோட” என்றார். “நீ ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா கூப்பிட மாட்டீங்களே.”

ராஜவேலு யோசித்தார். அவர் பொய் சொல்கிற ஆள் இல்லை.

“ஆமா” என்றார். “கூப்பிட மாட்டேன்தான்.”

வெள்ளிக்கிழமை ஏற வேண்டிய பாவைப் பிணைக்க, அதே வேலை செய்யும் கலைவாணியை வரச் சொல்லிவிடுவதாகச் சொன்னார். குரலில் கோபம் இல்லை. ரேவதி தலையசைத்தாள். கையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு இடப்பக்கம். அவர் வலப்பக்கம் திரும்பினார், மயில்வாகனத்தின் கடை இருக்கும் திசையில்.

டேனியல் ஒரு பழைய ரப்பர் கைப்பிடியை எடுத்து ஹேண்டில்பாரில் தளர்வாகச் செருகினான். அதன் மேல் தன் கையை வைத்து இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

“கட்டவெரல எடுத்துடு. மீதி கையால புடி. என் புடியையும் மீறித் திருப்பு பாப்போம்.”

அவள் திருப்பினாள். கைப்பிடி அவன் கையோடு சேர்ந்து சுழன்றது. வலிக்கிறதா என்று கேட்டான். இல்லை என்றாள். இந்தத் தடவை அவன் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறுபடி திருப்பச் சொன்னான். ஐந்து தரம் திருப்பினாள். இல்லை என்பது உண்மைதான்.

பைக்கின் ஆக்ஸிலேட்டரைப்போல முறுக்கிக் கியர் மாற்றுகிற ஷிஃப்டர் ஒன்று உண்டு. ஆனால் அது வேறு கம்பெனி. அது கேபிளை இழுக்கிற அளவு இந்த டீரெய்லருக்குப் பொருந்தாது. டீரெய்லரை மாற்றினால் அதற்கேற்ற காசெட், காசெட்டை மாற்றினால் செயின். அந்த காசெட் உட்காரும் ஹப்பே வேறு. டேனியல் தாளில் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தான். பல்சக்கரமும் கைடும் மட்டும் மிஞ்சின.

“கைடு?” என்றாள் ரேவதி.

“கழலாத செயினுக்கு இன்னாத்துக்குமா கைடு?”

அவள் சிரித்துவிட்டாள். அவன் சிரிக்கவில்லை. கைடையும் அடித்தான்.

நாலே முக்காலுக்கு மறுபடி டீலரைக் கூப்பிட்டான். போனை அவளிடமே கொடுத்து, நீயே படி என்றான். முறுக்குகிற ஷிஃப்டரைக் கேட்டதும் அந்தப் பக்கத்துக் குரல் தயங்கியது. அது யாரும் கேட்காத சரக்கு, ஒன்றே ஒன்று கிடக்கிறது, வாங்கினவர்களில் பாதிப் பேர் பிடிக்கவில்லை என்று திருப்பித் தந்திருக்கிறார்கள், ரேஸ் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் லீவர்தான் போடுகிறார்கள், இது எதற்கு உங்களுக்கு என்று கேட்டது.

“எனக்குக் கட்டவெரலு வேல செய்யாதுங்க” என்றாள்.

அந்தக் குரல் மாடல் நம்பரைத் திருப்பிச் சொல்லச் சொன்னது. சொன்னாள். பார்சல் வியாழக்கிழமை மாலை வரும் என்றது.

சக்கரம் பின்னி, எல்லாம் மாட்ட ஒரு முழு நாள் வேண்டும், கைப்பிடியைக் கைக்கேற்ப அமைக்க அவள் கூடவே இருக்க வேண்டும் என்றான் டேனியல். எப்போது முடியும் என்று கேட்டான்.

“வெள்ளிக்கெழம” என்றாள் ரேவதி. “காலையிலயே வந்துடறேன்.”